விளையாட்டா, படிப்பா? வகுப்பறையில் புளியங்கொட்டை!

ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் இடிபட்டு, ஸ்ரீராமபுரத்துக்கோ அல்சூருக்கோ வந்து சேருகிற அப்பா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்கிற கேள்வி இது: "இன்றைக்கு ஸ்கூலில் என்ன படித்தாய்?"

"விளையாடினோம்ப்பா" என்கிறான் ஒன்றாம் வகுப்புப் பையன். பையில் பாடப்புத்தகம் இல்லை. நகத்தில் களிமண் இருக்கிறது. அப்பாவுக்குக் கோபம் வருமா, வராதா?

வரத்தான் செய்யும். அரசு கன்னடப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்க் குடும்பங்களில் இது பழகிப்போன சண்டை. "கடன் வாங்கியாவது கான்வென்டில் சேர்த்துவிடுவோம்" என்று அது முடிவதும் உண்டு. வட்டிக்குக் கடன் வாங்கும் முன்பாக, அந்த வகுப்பறைக்குள் என்னதான் நடக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுவது நல்லதல்லவா?

நலி-கலி

அந்த முறைக்குப் பெயர் 'நலி-கலி'. நம் ஊர்க் கலிகாலத்துக் கலி அல்ல இது. கன்னடத்தில் நலி என்றால் மகிழ், கலி என்றால் கற்றுக்கொள். மகிழ்ந்து படி என்று பொருள்.

1995-ம் ஆண்டு மைசூர் மாவட்டத்தில், காட்டை ஒட்டிய எச்.டி. கோட்டே தாலுகாவில், யுனிசெப் உதவியுடன் இது தொடங்கியது. மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அட்டைகளை வைத்துப் பாடம் நடத்திய முறைதான் இதற்கு வழிகாட்டி. 2009-10-ல் மாநிலம் முழுவதும் அரசு கன்னடப் பள்ளிகளுக்கு இது வந்தது.

தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், அதே ரிஷிவேலி வழியைப் பின்பற்றி 13 மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கினார். சில ஆண்டுகளில் அது தமிழகம் முழுவதும் பரவியது. ஊரில் இருக்கும் அக்கா, அண்ணன் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்.

நலி-கலி அறையில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். பெஞ்சு இல்லை. வட்ட வட்டமாக ஐந்து குழுக்கள். ஒரு குழுவுக்கு ஆசிரியை முழுக்கச் சொல்லித் தருவார். இன்னொரு குழுவில் பெரிய பிள்ளை சின்னதற்குச் சொல்லித் தரும். ஒரு குழு தானாகவே படிக்கும். சுவரில் 'ஏணி' தொங்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு படம். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அதே படம் போட்ட அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கயிற்றுப் பந்தல். 'சப்பர' என்பார்கள். பிள்ளைகள் வெட்டி ஒட்டியது, வரைந்தது எல்லாம் அதில் ஆடும்.

"பையனுக்கு அ, ஆ கூட வரிசையாக வரவில்லையே" என்பது பெற்றோரின் அடுத்த குறை. வராது! இங்கே முதலில் சொல்லித் தருவது ர, க, ஸ, த, அ என்ற ஐந்து எழுத்துகளை. இந்த ஐந்தைத் தெரிந்துகொண்ட மறுநாளே அரச, ஸர, கரகஸ என்று சொற்களை எழுதிவிடலாம். (அரசன், கழுத்துச் சரம், ரம்பம்.) ஐம்பது எழுத்தையும் ஒப்பித்துவிட்டு ஒரு சொல்லும் எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். பத்து வருஷம் பெங்களூரில் இருந்தும் பஸ் போர்டு படிக்கத் தெரியாத நம்மில் பலருக்கும் இந்த வழி உதவும்!

கடன் வாங்கும் கணக்கு

கணக்குக்கு வருவோம். 23-ல் 7 போனால் மீதி என்ன? "மூன்றில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்று நமக்குச் சொன்னார்கள். கடன் வாங்குவது நமக்குக் கைவந்த கலை. ஆனால் அந்தக் கணக்கில் யார் யாருக்குக் கடன் கொடுத்தார் என்று அன்றைக்குப் புரிந்ததா? எனக்குப் புரியவில்லை.

துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டுங்கள். இரண்டு கட்டு, மூன்று உதிரிக் குச்சி. அதுதான் 23. இப்போது பையனிடம் ஏழு குச்சி கேளுங்கள். உதிரியாக மூன்றுதான் இருக்கிறது. விழிப்பான். பிறகு தானே ஒரு கட்டின் ரப்பரை அவிழ்ப்பான். பதின்மூன்று உதிரி. ஏழைக் கொடுத்தால் ஆறு மிச்சம், ஒரு கட்டு அப்படியே இருக்கிறது. விடை 16. அந்த ரப்பரை அவிழ்க்கிற நொடியில்தான் பாடம் இருக்கிறது. ஆகவே அவசரப்பட்டு நீங்கள் அவிழ்த்துவிடாதீர்கள்.

வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமுமாக இருக்கும் பிள்ளைக்கு இது இன்னும் பெரிய உதவி. ஆசிரியை சொல்லும் வார்த்தை புரியாமல் போகலாம். அவிழ்த்த கட்டு புரிந்துவிடும்.

இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கச் செய்தது இதனால்தான். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போரால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கி நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பழக்கினார். உப்புத்தாள் இல்லாவிட்டால் தாம்பாளத்தில் மணல் போதும்.

லாரிக் கம்பெனியில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால் டியூப்பையும் வைத்து அறிவியல் சொல்லிக் கொடுத்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. மருந்துத் தலையைப் பெரியவர்கள் கிள்ளி எறிந்துவிட்டு, குச்சிகளைத் துண்டு டியூப்பால் இணைத்துச் சதுரம் செய்து கொடுங்கள். ஒரு மூலையை அழுத்தினால் சாய்ந்துவிடும். முக்கோணம் சாயாது. அதற்குப் பிறகு ரயில் பாலத்தையும் மின்சாரக் கோபுரத்தையும் பார்க்கும்போதெல்லாம் பிள்ளை முக்கோணம் எண்ணிக்கொண்டே வரும்.

குறை இல்லையா?

இருக்கிறது. மூன்று வகுப்புக்கு ஒரே ஆசிரியை என்றால் அவர் பாடு திண்டாட்டம். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்து வைக்கவே நேரம் போய்விடும். அட்டைகள் கிழிந்து, கலைந்துபோனால் ஏணி நகராது. நான்காம் வகுப்பில் திடீரென்று புத்தகமும் பாடவரிசையும் வரும்போது தடுமாறுகிற பிள்ளைகள் உண்டு. இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். கன்னடம் சரளமாக வராது என்று கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடக் கூடாது. ஆனால், "விளையாட்டுக் காட்டுகிறார்கள்" என்பது மட்டும் குறை ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு பல்லாங்குழி ஆடிப் பாருங்கள். பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்கட்டியால் 14 வட்டம். குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. கன்னடத்தில் இதற்கு அளகுளி மணெ என்று பெயர். பையன் ஒந்து, எரடு, மூறு என்று எண்ணட்டும், நீங்கள் தமிழில் எண்ணுங்கள். அம்மாவும் பாட்டியும் உட்கார்ந்தால் நீங்கள் தோற்பது நிச்சயம். கைக்குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி டப்பாவில் மூடி வையுங்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும். கொட்டை எடுக்காத புளியாக வாங்கினால் விலையும் குறைவு.