மசக்கையா, சொல்யூஷன் மயக்கமா?

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் பசை தடவும் மேசையில் உட்காரும் பெண்ணுக்கு மத்தியானத்துக்குள் தலை கனக்கும், வயிற்றைப் புரட்டும், டிபன் டப்பாவைத் திறந்தாலே வேண்டாம் என்றிருக்கும். பசைக்கு அங்கே பெயர் சொல்யூஷன். அதிலுள்ள டொலுவீன் போன்ற கரைப்பான்களின் ஆவி மூக்கில் ஏறினால் இப்படித்தான் ஆகும். கரு தங்கிய முதல் வாரங்களிலும் உடம்பு கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது: குமட்டல், தலைசுற்றல், அசதி, எந்த வாசனையும் ஆகாமல் போவது. டேனரி வாடையிலேயே வளர்ந்த பெண் ஒருநாள் திடீரென்று மூக்கைப் பொத்திக்கொண்டால் வீட்டுப் பெரியவர்கள் அர்த்தத்தோடு பார்ப்பார்கள். பல சமயம் அந்தப் பார்வை சரியாகவும் இருந்துவிடும். ஆனாலும் தோல் தொழில் நடக்கும் ஊரில் மூக்கையும் வயிற்றையும் மட்டும் சாட்சிக்கு அழைப்பது ஆபத்து.

மசக்கை ஏன் வருகிறது என்பதற்கே அண்மையில்தான் தெளிவான பதில் கிடைத்தது. 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் மர்லினா ஃபெய்சோ, ஸ்டீபன் ஓராஹிலி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைக் கைகாட்டியது. கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் இது தாயின் ரத்தத்தில் கலந்து, மூளைத்தண்டில் குமட்டலைக் கிளப்புகிறது. சுவாரஸ்யம் என்னவென்றால், கருத்தரிக்கும் முன்பே ரத்தத்தில் இது அதிகமாக இருந்து பழகியவர்களை அது அவ்வளவாகப் படுத்துவதில்லை. பீட்டா தலசீமியா உள்ள பெண்களுக்கு மசக்கை குறைவாக இருப்பது அதனால்தான். ஆகவே ‘வாந்தியே இல்லை, அப்போ ஒன்றுமில்லை’ என்ற கணக்கும் தப்பு.

மிச்சமிருப்பது தேதி. ‘நாள் தள்ளிப்போச்சு’ என்பதுதான் இன்றைக்கும் முதல் தடயம். அதிலும் சில சிக்கல்கள் உண்டு. கருப்பையில் கரு பதியும் சமயத்தில் சிலருக்கு இரண்டொரு சொட்டு ரத்தம் படும். அதை மாதவிலக்கு என்று எண்ணிக்கொண்டால் கணக்கே ஒரு மாதம் பிசகிவிடும். நீர்க்கட்டி, தைராய்டு, பால் கொடுக்கும் காலம் என்று தேதி தள்ளுவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. மார்பு கனத்து வலிப்பதும், அடிக்கடி சிறுநீர் வருவதும் அடையாளங்கள்தாம். ஷிப்ட் முடியும்வரை அடக்கியே பழகியவருக்கு அந்த இரண்டாவது அடையாளம் எங்கே கண்ணில் படப்போகிறது?

‘இன்னொரு மாசம் பார்ப்போமே’ என்று தள்ளிப்போடுவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அப்படிப் பார்த்தால், நாள் தள்ளும்போதே நான்கு வாரம் ஆகிவிட்டது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் ஆறாவது வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. அதாவது நாள் தள்ளி இரண்டே வாரத்தில். ஃபோலிக் அமில மாத்திரை வேலை செய்வது அதற்குள்தான். கருத்தரிக்கும் முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது. பசை மேசையிலிருந்து தள்ளி வேறு வேலை கேட்க வேண்டியதும் அப்போதே. வேலையிடத்தில் டொலுவீன் ஆவியை அதிகம் சுவாசித்தவர்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சந்தேகத்தைத் தீர்க்க மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பச் சோதனைப் பட்டை போதும். கரு பதிந்தபின் சுரக்கும் எச்சிஜி ஹார்மோன் தொடக்கத்தில் இரண்டு மூன்று நாளைக்கொருமுறை இரட்டிப்பாகும். சிறுநீரில் அது இருந்தால், பட்டையில் நிறத்துகளோடு ஒட்டியிருக்கும் எதிர்ப்புரதம் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஊர்ந்து, ‘டி’ என்ற இடத்தில் போய் நிற்கும். அங்கே சிவப்பாக ஒரு கோடு விழும். ‘சி’ கோடு பட்டை வேலை செய்கிறது என்பதற்கான அத்தாட்சி; அது விழாவிட்டால் பட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். காலையில் முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. உறையில் சொன்ன நிமிடங்களுக்குள் பார்த்துவிட வேண்டும்; காய்ந்தபின் தெரியும் சாம்பல் நிறக் கீற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு கோடுதான் வந்தது, நாளும் வரவில்லை என்றால் சில நாள் கழித்து மறுபடி பார்க்கலாம். 1930களில் இதே விடைக்காகத் தென்னாப்பிரிக்கத் தவளைக்குப் பெண்ணின் சிறுநீர்ச் சாற்றை ஊசி போட்டு, அது முட்டையிடுகிறதா என்று காத்திருந்தார்கள். இன்றைக்குத் தவளைகள் தப்பித்துவிட்டன.

இரண்டு கோடு விழுந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ அரசு மருத்துவமனையிலோ 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகமும் பணமுமாக, அந்தப் பதிவிலிருந்துதான் நகரத் தொடங்கும். கம்பெனி ஊழியருக்கு இஎஸ்ஐ உண்டு. முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வார விடுப்பு 2017 முதல் சட்டத்தில் உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு இவை இரண்டும் கிடையாது. அவருக்கு அந்த அரசுப் பதிவு ஒன்றுதான் பிடிமானம்.

இன்னொன்று: கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதைப் பட்டை சொல்லாது. கருக்குழாயில் தங்கினாலும் இரண்டு கோடுதான் விழும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தப்போக்கு, மயக்கம், தோள்பட்டை வலி இவற்றில் எது வந்தாலும் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.