பாலனுக்கு முன் நான்கு ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் கத்தோலிக்கர்களுக்குத் திருவருகைக் காலம். நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறில் அது தொடங்கும். குமரி மாவட்டத்தில் எங்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்பட்டதில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 அன்று, 1552-இல் அவர் இறந்த அதே தேதியில், நிறைவடையும். தேர் நிலைக்கு வந்து, திருவிழாக் கடையில் வாங்கிய பேரீச்சம்பழமும் தீர்ந்துவிட்டால் வீடு அடங்கிவிடும். பிறகு கிறிஸ்துமஸ் இராத்திரி வரை கொண்டாட்டப் பேச்சே கிடையாது.

பாட்டி இந்த நாட்களை அடுக்களையிலிருந்துதான் தொடங்குவார். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது என்பது ஆண்டு முழுவதற்குமான ஒழுங்கு. இந்த நான்கு வாரம் அவர் மீனையும் விட்டுவிடுவார், வெள்ளிதோறும் ஒருசந்தி இருப்பார். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் அது சின்னக் காரியமல்ல. அவர் இளம்வயதில் பூசை லத்தீனில் நடந்தது. வீட்டில் வேதாகமம் இல்லை. ஆனால் கோயில் மணி அடித்ததும், கையில் இருப்பது அரிவாள்மனையோ ஆப்பையோ, கீழே வைத்துவிட்டுத் திரிகால செபம் சொல்வார். வானதூதர் மரியாளிடம் வந்த செய்தியைத் தினம் மூன்று வேளை சொன்ன பெண்மணிக்குத் திருவருகை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்த வாரங்களில் கல்யாணமும் வைக்க மாட்டார்கள். பாதியில் மார்கழியும் பிறந்துவிடுவதால் பக்கத்து இந்து வீடுகளிலும் கல்யாணம் இருக்காது. தெருவே சேர்ந்து காத்திருப்பதுபோல இருக்கும்.

குடில் கட்டுவது கடைசி வாரத்து வேலை. பனையோலைக் கூரை, தரையில் வைக்கோல். அதற்கு முன்பே சிரட்டையில் மண் நிரப்பி நெல்லும் கேழ்வரகும் முளைக்கப் போட்டிருப்போம். 24-ஆம் தேதிக்குள் விரல் நீளத்துக்குப் பச்சைப் புல் நிற்கும். மாதா, சூசையப்பர், இடையர், ஆடுமாடு எல்லாம் குடிலுக்குள் வந்தாயிற்று. தீவனத்தொட்டி மட்டும் காலியாகவே கிடக்கும். பாலன் சுரூபம் துணியில் சுற்றி அலமாரிக்குள் இருக்கும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து, வீட்டின் கடைக்குட்டிதான் பாலனை எடுத்துத் தொட்டியில் கிடத்த வேண்டும். அதற்குப் பிறகே முந்திரிக்கொத்து டப்பா திறக்கும். சிறுபயறை வறுத்து உடைத்து, பாகில் உருண்டை பிடித்து, அரிசிமாவில் முக்கிப் பொரித்த மணம் நாலு நாளாக வீட்டைச் சுற்றிவரும். ஒரு பிள்ளையும் தொடாது. அந்த இராத்திரியில் அதைக் கடித்த ருசி வேறு எந்தப் பலகாரத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது டிசம்பர் முதல் தேதி சாயங்காலமே எல்.இ.டி. நட்சத்திரம் எரிகிறது. அரையாண்டு விடுமுறைக்கு முன்பே பள்ளிக்கூடம் விழாவை முடித்தாக வேண்டும். அலுவலகத்துக்கும் அதே அவசரம். மாத நடுவிலேயே கேக் வெட்டி, பாட்டுப் பாடி, கிறிஸ்துமஸ் தாத்தாவும் வந்து போய்விடுகிறார். குடில் சுரூபங்கள் முழு செட்டாகக் கடையில் கிடைக்கின்றன. பிரித்த கையோடு பாலனையும் தொட்டியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். முந்திரிக்கொத்து எந்த மாதமும் கடையில் கிடைக்கிறது. 25-ஆம் தேதி விடியும்போது பிள்ளைகளுக்குப் புதிதாக எதுவும் மிச்சமில்லை. இது எனக்கு மெய்யாகவே வலிக்கிறது. அந்த நான்கு ஞாயிறும் பூசையில் இன்றும் வானவர் கீதம் பாடுவதில்லை. நள்ளிரவுப் பூசையில்தான், மணிகள் ஒலிக்க, அது திரும்ப வருகிறது. கோயில் இன்னமும் காத்திருக்கிறது. வீடுகள்தான் காத்திருப்பதை விட்டுவிட்டன.

ஆனால் பாட்டிக்குக் கிடைக்காத சில நன்மைகள் இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. திருவருகைக்கால வளையம் அதில் ஒன்று. 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை வரிசையாக வைத்தார். அந்தப் பழக்கம் சபை எல்லைகளையும் கடலையும் தாண்டி நம் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கிறது. இங்கே அதைச் சவுக்குக் கிளையில் கட்டுகிறோம். மூன்று ஊதாத் திரிகள், மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு இளஞ்சிவப்புத் திரி. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இப்போது வீட்டில் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை திரியை ஏற்றிவிட்டு எசாயாவைத் தடுமாறித் தடுமாறி வாசிக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பா கைப்பேசித் திரையிலிருந்து கேட்கிறார். இந்தக் காட்சியை நான் எந்தப் பழங்காலத்துக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இறைவாக்கு வந்தது; நோன்பு போய்விட்டது. அதுதான் குறை. ஒரு திரியை ஏற்றி ஜெபித்த அதே மேசையில் அரை மணி நேரத்தில் பிளம் கேக்கை நறுக்கினால், பிள்ளை எதற்காகக் காத்திருக்கும்? தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து சீரோ மலபார், மலங்கரைக் குடும்பங்கள் பல இன்றும் டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து நோன்பு இருக்கின்றன. இறைச்சியும் மீனும் தொடுவதில்லை. அவர்களும் நம்மைப் போலவே வேலைக்குப் போகிறவர்கள்தான், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள்தான்.

வளையம் வைக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு வெள்ளிக்கிழமைகளில் மீன் வாங்கும் காசை ஓர் உண்டியலில் போடுங்கள். பண்டிகைத் துணி எடுக்க முடியாத ஒரு வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளைகள் கேட்டாலும் பாலன் சுரூபத்தை 24-ஆம் தேதி இரவுவரை அலமாரியை விட்டு எடுக்காதீர்கள்.