தங்கச்சிமடத்தில் பள்ளிச் சிறாரின் உணவுக்குக் கீரை வளர்த்தல்

பாம்பனுக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே, இருபுறமும் கடல் சூழ்ந்த மணற்பாங்கான நிலத்தில் அமைந்துள்ளது தங்கச்சிமடம். ஊராரிற் பெரும்பாலோர் கடல் தொழிலைச் சார்ந்தவர்கள். நிலமுடைய குடியானவர்கள் தென்னை வைத்திருக்கின்றனர். மல்லிகைக் குச்சிகளைப் பதியவைத்து வேர்விடச் செய்து நாற்றாக விற்கின்றனர். மதுரைப் பக்கத்துத் தோட்டங்களில் மணக்கும் குண்டுமல்லியிற் பெரும்பகுதி இவ்வூர் நாற்றிலிருந்து வந்ததே. வெளி ஜில்லாக்களுக்கெல்லாம் செடி அனுப்பும் இவ்வூருக்கு, கத்தரிக்காயும் கீரையும் மட்டும் பாலத்தைக் கடந்து லாரியில் வரவேண்டியிருக்கின்றன. வீட்டுச் சமையலில் இது பெருங்குறையாகத் தோன்றாமலிருக்கலாம், மீன் இருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சமையலில் இக்குறை நன்றாகத் தெரிகின்றது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிப்பது இம்மாகாணத்திற்குப் புதிதன்று. 1920-ஆம் ஆண்டில், பி. தியாகராய செட்டியார் சென்னை நகரசபையின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கிலுள்ள நகரசபைப் பள்ளியில், தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. 1956-இல் முதன்மந்திரி காமராஜ் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் பெரிதும் ஊராரின் நன்கொடையை நம்பியே எழுந்தது. நெல்லும் பருப்பும் காயும் குடியானவர் வீடுகளிலிருந்து பள்ளிக்கூடத்திற்கு வந்தன. 1982 ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதல் எம். ஜி. இராமச்சந்திரன் சர்க்கார் சத்துணவுத் திட்டத்தை நிறுவியபின், அரிசியும் பருப்பும் எண்ணெயும் சர்க்கார் பொறுப்பாயின. அது பெரும் நன்மையே. ஆனால் ஊராருக்கும் பள்ளி அடுப்புக்கும் இருந்த தொடர்பு அன்றோடு தளர்ந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்பொழுது சத்துணவில் வாரத்திற்கு ஐந்து முட்டைகள் கொடுக்கப்படுகின்றன. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கப்பெற்ற காலையுணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு 25 முதல் மாகாணத்திலுள்ள எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15 முதல் கிராமப்புறங்களிலுள்ள உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. விடியுமுன் கரைக்குப் போகும் தாய்தந்தையரின் பிள்ளைகளுக்கு இக்காலையுணவு எவ்வளவு துணை என்பதை மீனவக் குடியிருப்புகளை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. புயற்சின்னம் தோன்றும் நாட்களிலும் படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அத்தகைய காலங்களில் பள்ளி நடைபெறும் நாட்களில், பல பிள்ளைகளுக்கு நிச்சயமான உணவு பள்ளிக்கூடத்துத் தட்டில் விழுவதே.

மத்திய சர்க்கார் வகுத்துள்ள அளவின்படி, தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குப் பகலுணவில் 450 கலோரி உஷ்ணமும் 12 கிராம் புரதமும், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். காய்கறி, முன்னவர்க்கு 50 கிராம், பின்னவர்க்கு 75 கிராம். அரிசி கிடங்கிலிருந்து மூட்டையாக வருகிறது. முட்டை எண்ணி வருகிறது. காய்கறியோ, அமைப்பாளர் தம்மிடம் கொடுக்கப்படும் தொகைக்குள் அன்றன்று கடையில் வாங்க வேண்டிய பொருள். கார்த்திகை மாதத்து மழையில் விலை ஏறும்போது தொகை ஏறுவதில்லை. ஆகவே குழம்பில் முதலில் குறைவது காய்தான். கீரையோ, வெயிலில் லாரியேறி வந்து வாடிப்போன நிலையில், வாங்கப்படாமலே விடப்படுகிறது. இது அமைப்பாளர்களின் குற்றமன்று.

கீரை இல்லாமற்போவதால் நேரும் குறை கண்ணுக்கு உடனே தெரியாது. வயிறு நிறைந்தே இருக்கும். ஆனால் பிள்ளை வெளுத்து, விரைவில் களைத்து, பாடத்தில் நாட்டமின்றிச் சோர்ந்திருப்பான். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்களெனக் காணப்பட்டது. அக்குழந்தைகளே பின்னர் முதல் வகுப்புக்கு வருகின்றனர். நம் ஜில்லாவின் வாலிநோக்கத்தில் உப்பளங்களுடைய தமிழ்நாடு உப்புக் கழகம், இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைத் தயாரித்துச் சத்துணவுக்கு அளித்துவருகிறது. ஆயினும் இரும்பு உடலில் நன்கு ஏறுவதற்கு சி ஜீவசத்து துணை நிற்கவேண்டும். அது உப்பிலும் இல்லை, அரிசியிலும் இல்லை. கீரையிலும் எலுமிச்சையிலும் நெல்லியிலும் உண்டு. முருங்கைக்கீரை 100 கிராமில் 6 கிராமுக்கு மேல் புரதமும், 300 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்தும் இருக்கின்றன. அகத்திக்கீரையில் சுண்ணாம்புச்சத்து இதனினும் இரு மடங்குக்கு மேற்பட்டது.

பள்ளிக்கூடத்துத் தோட்டத்திலேயே எல்லாக் காய்கறிகளையும் விளைவித்துவிடலாமென்று சிலர் சொல்வதுண்டு. இது நடவாத காரியம். நூறு பிள்ளைகள் உள்ள தொடக்கப் பள்ளிக்கு நாளொன்றுக்கு 5 கிலோ காய் வேண்டும். இருபது பள்ளி நாட்கள் கொண்ட மாதத்திற்கு 100 கிலோவாகிறது. மணற்பூமியில் இவ்வளவு காய் எடுக்கப் பள்ளிக்கூடத்தில் இடமும் இல்லை, நீரும் இல்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள் கீரை என்று வரையறுத்துக்கொண்டால் கணக்கு வேறாகிறது. தலைக்கு 25 கிராம் வீதம் நூறு பேருக்கு 2½ கிலோ கீரை போதும். நல்ல நிலத்தில் முளைக்கீரை ஹெக்டேருக்குப் பத்து டன் வரை, அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ விளையும். மணலில் அதில் பாதியே கிடைக்குமென வைத்துக்கொண்டாலும், 5 சதுர மீட்டர் பாத்தி ஒன்று ஒரு வாரத்துக் கீரையைத் தரும். விதைத்து நான்கு வாரத்தில் அறுவடையாதலால், வாரத்திற்கொன்றாக விதைத்துவர நான்கு பாத்திகள் வேண்டும். மொத்தம் 20 சதுர மீட்டர். நம் கணக்கில் அரை சென்ட். நாற்றுப் பாத்தி போடும் குடியானவர் எவரும் தம் தோட்ட மூலையில் அரை சென்ட் ஒதுக்கக்கூடும். ஓர் ஊரில் நால்வர் ஒதுக்கினால் வாரத்தில் நான்கு நாட்களுக்குக் கீரையாகிவிடும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தீவில் நன்னீர் என்பது மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் எண்ணெய்போல் மிதந்து நிற்பதேயாகும். கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதன் மறுபுறத்தையும் நினைவில் கொள்ளவேண்டும். மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நிலைத்துவிட்டால், காலப்போக்கில் உப்பு 40 அடி மேலெழும்பும். ஆதலால் ஆழமான துளைக்கிணறும் பெரிய மோட்டாரும் இம்மண்ணுக்கு ஆகா. அகலமான, ஆழமற்ற ஊற்றுக்கிணற்றில் காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக எடுப்பதே முறை. நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் இதை அனுபவத்தால் அறிந்தவர்கள். பள்ளிக்கூடங்களுக்குக் கிணறு அமைக்க முற்படும் பஞ்சாயத்தார்தாம் பெரும்பாலும் அறியாதவர்கள். அரை சென்ட் கீரைக்கு நாளொன்றுக்கு ஏழெட்டுக் குடம் நீர் போதுமானது. அதையும் இருவேளையாகப் பிரித்து ஊற்றவேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் மணல் வேருக்கடியில் இறக்கிவிடும்.

மணலைத் திருத்தாமல் விதைப்பது வீண். பாத்தியை ஒரு சாண் ஆழம் தோண்டி, அடியில் பழைய பனையோலையைக் கிழித்துப் பரப்பி மூடினால் ஈரம் தங்கும். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் பனையோலையைத் தாழ்த்து மண்ணை வளப்படுத்தியது பேர்போனது; பனைக்குப் பஞ்சமில்லாத இராமநாதபுரத்தில் அதைப் பின்பற்றத் தடையொன்றுமில்லை. அதன்மேல் கண்மாய் வண்டலும் மக்கிய சாணியெருவும் சமபங்காகக் கலந்து நான்கு அங்குல கனம் இடலாம். கரையொதுங்கிய கடற்பாசியும் நல்ல எருவே. ஆனால் ஒரு மழைக்காலம் வெளியிற் கிடந்து உப்பு கழுவப்பட்ட பின்னரே சேர்க்கவேண்டும். 5 சதுர மீட்டர் பாத்திக்கு முளைக்கீரை விதை 2 கிராம் போதும். ஒரு கைப்பிடி மணலுடன் கலந்து தூவி, மேலே பூவாளியால் நீர் தெளிக்கவேண்டும். எறும்பு விதையை இழுத்துச் செல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது முதல் நாலு நாட்களில்தான்.

பள்ளிக்கூடத்து மதிலோரத்திற்கு ஏற்றவை முருங்கையும் அகத்தியும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உண்டான பி.கே.எம்.1 செடிமுருங்கை, விதையிட்ட ஆறாம் மாதம் காய்க்கத் தொடங்கி, மரமொன்றுக்கு ஆண்டில் இருநூறு காய்களுக்கு மேல் தரவல்லது. கீரைக்காக வளர்ப்பவர்கள் மூன்றடி உயரத்திலேயே கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். மரம் பக்கங்களில் கிளைத்துப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் தழைக்கும், காற்றிலும் முறியாது. அரிசி களைந்த நீரையும் கைகழுவும் நீரையும் சிறு வாய்க்கால் வெட்டி இம்மரங்களுக்கு விட்டால் தனி நீர் வேண்டுவதில்லை. சவர்க்காரம் கலந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடலாகாது. முருங்கைக்குக் கம்பளிப்புழு வரும்; பகலில் அடிமரத்தில் கூட்டமாக அடைந்திருக்கையில் தீப்பந்தத்தால் அழித்துவிடலாம். மருந்து வேண்டாம்.

மருந்து என்ற பேச்சு வந்ததால் மல்லிகை சாகுபடி செய்பவர்களுக்கு ஒன்று வற்புறுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. மொட்டுப்புழுவுக்காக மல்லிகைக்கு அடிக்கும் மருந்து, உண்ணாத பூவுக்கு அடிப்பது. அவ்வரிசைகளுக்கிடையே ஊடுபயிராக முளைத்த கீரை எவ்வளவு செழித்திருந்தாலும் பள்ளிக்கூடத்திற்குக் கொடுக்கலாகாது. கீரைப் பாத்தி, மருந்தடிக்கும் பாத்திக்குக் காற்று வரும் பக்கத்தில், தள்ளி இருக்கவேண்டும். ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்தும், ஐப்பசிக்குப் பின் வடகிழக்கிலிருந்தும் காற்று வீசும் இத்தீவில் இதை இருமுறை யோசித்தே இடம் தெரிந்தெடுக்கவேண்டும். மருந்து வந்த டப்பாவிலோ கேனிலோ எண்ணெய், பருப்பு, விதை எதையும் பள்ளிக்கு அனுப்புவது கூடவே கூடாது. 2013 ஜூலை 16-ஆம் தேதி பீகாரின் சரண் ஜில்லாவில் கண்டாமன் என்னும் கிராமத்துப் பள்ளியில், மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த உணவை உண்டு 23 பிள்ளைகள் இறந்தனர். அம்மருந்து நம் குடியானவர்கள் அறியாததன்று.

கிராம நிர்வாக அலுவலர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. பனையோலை மலிவாகக் கிடைக்கிறதென்று சமையற்கூடத்தை ஒட்டி ஓலைப்பந்தல் போடுவது இக்கரையோர ஊர்களின் வழக்கம். 2004-இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மடிந்தனர். காற்று ஓயாத தீவில் அடுப்புக்கருகே ஓலையை அனுமதிக்கலாகாது. கொடிப்பசலைக்கும் அவரைக்கும் பந்தல் போடுவதாயினும் தோட்டத்தின் எதிர்க்கோடியில் போடலாம்.

கீரை பள்ளிக்கூடத்தை அடைந்தபின் கெடுவது சமையலில்தான். அறுவடை அதிகாலையில் நடந்து, ஈரச் சாக்கில் சுற்றி, எட்டு மணிக்குள் சமையலரிடம் சேரவேண்டும். முதலில் மூன்று நீரில் அலசி, பின்னரே நறுக்கவேண்டும். நறுக்கிய பின் அலசினால் சத்து நீரோடு போய்விடும். பருப்பு வெந்தபின் கீரையைக் கடைசியாகச் சேர்த்து மூடிவைத்து, பத்து நிமிஷத்தில் இறக்கவேண்டும். வெந்த நீரை வடித்துக் கொட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அது கூடாது. அகத்தி சற்றுக் கசப்பாதலால் பிள்ளைகள் ஒதுக்குவர். முருங்கைக்கீரையுடன் நாலில் ஒரு பங்காகக் கலந்தால் தெரியாது. இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிவது சுவைக்கு மட்டுமன்று, இரும்புச்சத்து ஏறுவதற்கும் உதவும்.

கீரைக்கு விலை வாங்குவதா, தருமமாகக் கொடுப்பதா என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம். தொடர்ந்து வருவதே முக்கியமாதலால், கடைவிலையிற் பாதிக்கு எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு வாரந்தோறும் தவறாமல் கொடுப்பது, உற்சாகத்தில் இரண்டு மாதம் இலவசமாகக் கொடுத்து நிறுத்துவதினும் மேலானது.

முதல் விதைப்பைப் புரட்டாசிக் கடைசியில் செய்தால் வடகிழக்குப் பருவமழை நீர்ச் செலவைக் குறைக்கும். கனமழையில் விதை அடித்துச் செல்லாதபடி பாத்தியை அரையடி உயர்த்திக் கட்டவேண்டும். மாசி முடிய இவ்வாறே நடத்தலாம். பங்குனிக்குமேல் கிணற்று நீர் கரிக்கத் தொடங்கும் இடங்களில் முளைக்கீரையை நிறுத்தி, முருங்கையையும் அகத்தியையும் கொண்டு சமாளிக்கவேண்டும். கோடை விடுமுறையில் மதிலோர மரங்களுக்கு நீர் ஊற்றுவார் இல்லாமல் அவை பட்டுப்போவதே பள்ளித் தோட்டங்களின் வழக்கமான முடிவு. விடுமுறை தொடங்குமுன் மரங்களை மூன்றடிக்குக் கவாத்து செய்து, தூரில் தென்னைமட்டை பரப்பி, வாரம் இருமுறை மரத்துக்கு ஒரு குடம் ஊற்றும் பொறுப்பைப் பஞ்சாயத்தார் ஒரு குறிப்பிட்ட ஆளிடம் கூலி பேசி ஒப்படைக்கவேண்டும். அவ்விதம் செய்த மரங்கள் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் புதுத்தழையுடன் நிற்கும்.