யந்திரமும் பழகிய கையும்

வடநாட்டில் கோதுமை அறுவடைக்குரிய காலம் சித்திரை மாதம். மாடுகளைக் கட்டிப் போரடித்த வழக்கம் குறைந்து, பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் விசையால் இயங்கும் கதிரடிப்பு யந்திரம் பரவியபோது, பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. ஆயினும் அதே களத்தில் பலர் விரல்களை இழந்தனர். கையையே இழந்தவரும் உண்டு. இரவிலும் ஓயாத வேலை, கண்ணை மூடும் அசதி, தள்ளிய கதிரோடு கையையும் இழுத்துக்கொள்ளும் யந்திரத்தின் வாய் ஆகியவையே இதற்குக் காரணங்கள். இவ்விபத்துகளை முன்னிட்டே அபாயகரமான யந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

சட்டம் யந்திரத்தின் அமைப்பைத் திருத்தலாம். ஊனமுற்றவருக்கு நஷ்டஈடு பெற்றுத் தரலாம். ஆனால் களத்தில் நிற்பவரின் கையைக் காப்பதற்குப் பயிற்சியும் வேண்டும். யாருக்குப் பயிற்சி என்பதே இங்கு எழும் வினா. யந்திரத்தை வாங்குபவர் ஒருவர். அதன் வாயில் கதிரைத் தள்ளுபவர் பெரும்பாலும் கூலிக்கு வந்த வேறொருவர். விற்பனையாளர் சொல்லும் விளக்கம் உரிமையாளரின் செவியோடு நின்றுவிடுமாயின், ஆபத்து தொழிலாளியின் பங்காகிறது.

பயிற்சியின் அவசியத்தை நம் நாடு முன்னரே உணர்ந்திருந்தது. மத்திய இந்தியாவில் காஸ் என்னும் புல் ஆழ வேரோடி நல்ல நிலங்களைத் தரிசாக்கியிருந்தது. அதனை உழுதெறியும் கனரக டிராக்டர்களுக்காக 1949-இல் உலக வங்கியிடம் கடன் பெறப்பட்டது. டிராக்டரைக் கடன் பெற்று வாங்கலாம்; அதனை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த மனிதரை அவ்வாறு வாங்க இயலாது. மத்தியப் பிரதேசத்தில், நர்மதை நதியை அடுத்த புத்னியில் 1955-இல் டிராக்டர் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. 1963-இல் ஹிஸாரிலும் அத்தகைய நிலையம் தோன்றியது. செய்து கற்றல் என்னும் கொள்கையுடன் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது; இன்று இத்தகைய நிலையங்கள் நாடெங்கும் 700-க்கு மேல் உள்ளன.

இப்பொழுது யந்திரம் வானில் ஏறிவிட்டது. ஆளின்றிப் பறக்கும் டிரோன் வயலுக்கு உரமும் மருந்தும் தெளிக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு அங்கீகரித்த திட்டமொன்று, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 15,000-க்கு டிரோன் வழங்க வகை செய்தது. அதில் கவனிக்கத்தக்க அம்சம் பயிற்சியே. குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் பெண்ணுக்கு 15 நாள் பயிற்சி. அதில் 5 நாள் டிரோனைச் செலுத்தக் கற்பதற்கு, 10 நாள் பயிருக்கு உரமும் மருந்தும் இடும் முறையைக் கற்பதற்கு. பழுது பார்ப்பதில் நாட்டமுள்ள மற்றொருவருக்கும் உதவியாளராகப் பயிற்சி அளிக்க இடமுண்டு.

இப்பகுப்பு பொருள் பொதிந்தது. பறக்கவிடுதல் பாதி வித்தையே. காற்று வீசும் திசையை அறியாதவர் தெளித்த மருந்து அண்டை வயலில் விழும். கலக்கும் அளவு தவறினால் பயிர் கருகும். கையுறையும் முகமூடியும் இன்றிக் கலப்பவரின் உடல்நலம் கெடும். மின்கலத்தையோ தெளிமுனையையோ கவனிக்க ஆளில்லையெனில், விலையுயர்ந்த சாதனம் மூலையில் கிடக்கும்.

ஆகவே ஒரு கிராமத்துக்கு எத்தனை யந்திரங்கள் வந்தன என்று கணக்கிடும்பொழுது, அவற்றைப் பழகிய கைகள் எத்தனை என்றும் கேட்க வேண்டும். அக்கைகளில் கூலித் தொழிலாளியின் கையும் சேர்ந்திருந்தால்தான் யந்திரம் ஊருக்கு நன்மையாகும்.