அருகம்புல் இறாலைக் காப்பாற்றுமா? ஆய்வகம் சொல்வதும் குளம் கேட்பதும்

மாட்டுங்கா பூக்கடைகளில் பிள்ளையாருக்காக நாம வாங்குற அதே அருகம்புல்தான். அதன் சாறு இறாலைக் கொல்லும் ஒரு வைரஸைத் தடுக்கிறது என்று வேலூர் பக்கத்து ஆய்வாளர்கள் 2007-லேயே எழுதிவிட்டார்கள். அப்படின்னா இன்னும் ஏன் அது எல்லாப் பண்ணைக்கும் போய்ச் சேரவில்லை?

எந்த வைரஸ்?

வெள்ளைப்புள்ளி நோய் வைரஸ். 1990-களின் நடுவில் இந்தியக் கரையோரப் பண்ணைகளுக்குள் வந்தது. தொற்றிய 3 முதல் 10 நாளில் குளத்தில் உள்ள மொத்த இறாலும் செத்துவிடலாம். மனிதர்களைத் தொற்றாது, அடி முழுக்க விவசாயிக்குத்தான்.

பணக் கணக்கும் பெரிசு. 2023-24-இல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைய வைத்த இறால் சுமார் 7.16 லட்சம் டன். மதிப்பு சுமார் 40,000 கோடி ரூபாய். நாட்டின் கடல் உணவு ஏற்றுமதி வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு இது.

மருந்தே இல்லையா?

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான், வைரஸிடம் எடுபடாது. அதன் மிச்சம் இறாலில் இருந்தால் வெளிநாட்டில் சரக்கையே திருப்பி அனுப்புவார்கள். நம்மைப் போல ஆன்டிபாடி உருவாக்கும் வசதி இறாலுக்குக் கிடையாது. அதனால் வழக்கமான தடுப்பூசி வழியும் எளிதில்லை. மூலிகைப் பக்கம் பார்வை போனது இதனால்தான்.

ஆய்வில் என்ன கிடைத்தது?

மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் சாகுல் ஹமீது குழுவினர் 20 மூலிகைகளைச் சோதித்தார்கள். வில்வம், பாகல், கீழாநெல்லி போன்றவையும் பலன் காட்டின. அருகம்புல் முன்னால் நின்றது. 2008-இல் வெளியான அடுத்த ஆய்வில் சாற்றைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். 2% கலந்த தீவனம் தின்ற இறால்களுக்கு வைரஸைக் கொடுத்தும் சாவு இல்லை, நோய் அறிகுறியும் இல்லை.

பிறகு எங்கே சிக்கல்?

முதலாவது, இது தடுப்பு. நோய் வந்த குளத்தைக் குணப்படுத்தியதாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

இரண்டாவது, சோதித்தது கறுப்பு டைகர் இறாலில். 2009-க்குப் பிறகு இந்தியப் பண்ணைகளைப் பிடித்துக்கொண்டது வனாமி என்ற வேறு இனம்.

மூன்றாவது, புல் ஒரே மாதிரி இருக்காது. மண், பருவம், சாறு எடுக்கும் முறை மாறினால் அதிலுள்ள வேதிப்பொருளின் அளவும் மாறும். மாத்திரை மாதிரி ஒரே டோஸ் கிடைக்க, எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று பிரித்து அளந்தாக வேண்டும்.

நான்காவது, ஆய்வகத் தொட்டி வேறு, குளம் வேறு. குளத்தில் உப்பும் ஆக்சிஜனும் ஏறி இறங்கும், நண்டு வழியாக வைரஸ் மறுபடி உள்ளே வரும், தீவனத்தில் கலந்த சாறு தண்ணீரில் கரைந்தும் போகும்.

விவசாயி என்ன செய்யலாம்?

'மூலிகை' என்று எழுதிய பாக்கெட்டைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இனத்தில் சோதித்தது? தொட்டியிலா, குளத்திலா? பக்கத்திலேயே மருந்து கொடுக்காத குளம் ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தார்களா? கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் சான்று இருந்தாலும் கவனம். தடை செய்த ஆன்டிபயாடிக் அதில் இல்லை என்பதற்கான சான்று அது; வைரஸைத் தடுக்கும் என்பதற்கு அல்ல.

இன்றைக்கு நம்பக்கூடிய பாதுகாப்பு பழைய வழிதான்: பிசிஆர் சோதனை செய்த குஞ்சு, நண்டு நுழையாத வேலி, சுத்திகரித்த தண்ணீர், பக்கத்துக் குளத்தோடு வலையும் வாளியும் பகிராமல் இருப்பது. அருகம்புல் இந்தப் பட்டியலில் ஒருநாள் சேரலாம். அதற்கு முன்னால் வனாமி வளரும் நிஜக் குளங்களில், ஒப்பீட்டோடு, பல பருவங்களுக்கு அது தேறியாக வேண்டும்.