கோடம்பாக்கப் பாடல் தரவுகளும் உறவுசார் தரவுத்தள வினவல்களும்: அன்றாடச் சிக்கல்கள், தீர்வுகள்

முன்னுரை

1931இல் வெளியான ‘காளிதாஸ்’ பம்பாயில் உருவானது. 1948இல் ஏ.வி.எம். நிறுவனம் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்ததையொட்டிய காலத்தில் தமிழ்த் திரைப்பாடல் ஆக்கத்தின் மையம் அப்பகுதியில் நிலைகொண்டது. அப்பாடல்களை ஆராயும் தமிழ் ஆய்வாளர் அட்டைக் குறிப்புகளை விடுத்து உறவுசார் தரவுத்தளங்களைக் கையாளத் தலைப்பட்டுள்ளனர். படம், பாடல், கவிஞர், பாடகர் ஆகியவற்றைத் தனித்தனி அட்டவணைகளாக்கித் திறவுகோல்களால் இணைக்கும் இம்முறை, எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுசார் மாதிரியை அடியொற்றியது. வினவலில் இலக்கணப் பிழை இருப்பின் கணினி உடனே சுட்டிவிடும், அது தொல்லையன்று. பிழையின்றி இயங்கித் தவறான எண்ணிக்கையைத் தரும் வினவலே ஆய்வேட்டைக் கெடுப்பது. இக்கட்டுரை அத்தகைய இடங்களை மட்டும் விளக்குகிறது.

உள்ள பெயர் கிடைக்காமை

‘கோடம்பாக்கம்’ எனத் தேடினால் ஒரு நிரையும் வரவில்லை. அட்டவணையைத் திறந்து பார்த்தால் அச்சொல் கண்முன் நிற்கிறது. இதற்குக் காரணம் ஒருங்குறியில் ‘கோ’ என்னும் எழுத்தை இருவகையில் சேமிக்க இயல்வதாகும். ககரத்துடன் ஓகாரக் குறி என இரண்டு குறிகளாலும் அமையும். ககரம், ஏகாரக் குறி, கால் என மூன்று குறிகளாலும் அமையும். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவை என்றே கொள்கிறது. எனினும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் இயல்பு அமைப்பில் இவற்றை வெவ்வேறு சொற்களாகவே ஒப்பிடும். அதன் 13ஆம் பதிப்பு முதல் உள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூறு இவ்வடிவங்களை ஒன்றாக்கும். மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவோர் தரவை உள்ளிடுமுன் வெளியிலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

ஔகாரத்தின் நிலை இதனினும் கடினம். ‘டி.எம். சௌந்தரராஜன்’ என்னும் பெயரைப் பலர் எகரக் குறியுடன் ளகர எழுத்தை இட்டு ‘செளந்தரராஜன்’ எனத் தட்டச்சு செய்கின்றனர். கண்ணுக்கு ஒன்றே போலத் தோன்றினும் இங்கு ளகரம் தனியெழுத்தாதலின் நார்மலைஸ் இதனைத் திருத்தாது. எகரக் குறியும் ளகரமும் அடுத்து வருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றுக என ஒரே ஆணையில் முடித்துவிடலாமெனத் தோன்றும். அவ்வாறு செய்யின் ‘வெள்ளி விழா’ (1972) முதலிய படப்பெயர்கள் சிதைந்துவிடும். பாடகர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் அளித்து, சௌந்தரராஜன், சவுந்தரராஜன், டி.எம்.எஸ். ஆகிய வடிவங்களை மாற்றுப்பெயர் அட்டவணையில் அவ்வெண்ணோடு பிணைத்தலே தக்கது. மெய்ப்பு நோக்கும் பழக்கமுடைய தமிழ் மாணவர்க்கு இப்பணி எளிதில் கைவரும்.

அகரவரிசை

தொல்காப்பியம் வகுக்கும் எழுத்துமுறை னகரத்தை இறுதியாக உடையது. ஒருங்குறி அட்டவணையிலோ நகரத்தை அடுத்து னகரம் நிற்கிறது. ஆகவே குறியெண்படி வரிசைப்படுத்தினால் ‘மனிதன்’ (1987) முன்னும் ‘மரகதம்’ (1959) பின்னும் வரும். தமிழ் அகராதி முறைப்படி மரகதமே முந்த வேண்டும். அவ்வாறே பக்கம் என்னும் சொல்லுக்கு முன் பகல் வந்து நிற்கும். தமிழுக்குரிய ஒப்பீட்டு விதியை நிரலுக்கு அமைத்தால் இச்சிக்கல் நீங்கும்.

பெயரைத் திறவுகோலாக்குதல்

படத்தின் பெயரை முதன்மைத் திறவுகோலாக வைப்பது புதியவர் செய்யும் பிழை. ‘மாப்பிள்ளை’ 1952, 1989, 2011 ஆகிய ஆண்டுகளிலும், ‘படிக்காதவன்’ 1985, 2009 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தன. பொருளற்ற ஓர் எண்ணே திறவுகோலாதற்கு உரியது.

வெற்று மதிப்பு

கவிஞர் பெயர் தெரியாத பாடலுக்கு அந்நிரலில் ‘நல்’ எனப்படும் வெற்று மதிப்பு இடப்படுகிறது. இது சுழியமும் அன்று, வெற்றுச் சொல்லும் அன்று. ‘அறியப்படவில்லை’ என்பதே இதன் பொருள். கண்ணதாசன் எழுதாத பாடல்களைத் தருக என வினவினால், கவிஞர் பெயர் தெரியாத பாடல்கள் விடையில் இடம்பெறா. அறியப்படாத ஒன்று கண்ணதாசனுக்குச் சமம் என்றோ சமமன்று என்றோ கணினி தீர்ப்பளிப்பதில்லை. ஐயம் என்னும் மூன்றாம் நிலையில் அதனை விலக்கிவிடுகிறது. கண்ணதாசன் பாடல்களையும் ஏனையவற்றையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினால் மொத்தத் தொகை குறைவதைக் கண்டே இக்கட்டுரையாளர் தம் ஆய்வேட்டின் ஓர் இயலைத் திரும்ப எழுத நேர்ந்தது.

இதன் கொடிய வடிவம் ‘நாட் இன்’ வினவலில் உள்ளது. உள்வினவல் தரும் பட்டியலில் ஒரேயொரு நல் இருந்தாலும் முழு விடையும் வெறுமையாகிவிடும். இதற்கு மாற்றாக ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ பயன்படுத்துதல் வேண்டும். பாடல் அட்டவணையைக் கவிஞர் அட்டவணையோடு ‘இன்னர் ஜாயின்’ கொண்டு இணைத்தாலும் பெயர் தெரியாப் பாடல்கள் உதிர்ந்துபோகும். ‘லெஃப்ட் ஜாயின்’ அவற்றைக் காக்கும். குறுந்தொகையைத் தொகுத்தோர் புலவர் பெயர் அறியாதவிடத்துப் பாடலின் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என வழங்கினர். அவர்கள் இடத்தை வெறுமையாக விட்டிருந்தால் இன்றைய இணைப்பு வினவலில் அப்பாடலும் உதிர்ந்திருக்கும்.

மிகைப்படும் எண்ணிக்கை

நிரைகள் உதிர்வது போலவே பெருகுவதும் உண்டு. ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்திற்கு இசையமைத்தோர் விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவர். இருவரையும் ஒரே பெயராகச் சேமித்தால் விஸ்வநாதனின் இசைப்பட்டியலில் இப்படம் இராது. தனித்தனியே சேமித்து இணைத்தால் ஒவ்வொரு பாடலும் இருமுறை எண்ணப்படும். இருகுரற் பாடல்களைப் பாடகர் அட்டவணையோடு இணைக்கும்போதும் இதுவே நேரும். பாடல் எண்ணின்மேல் ‘கவுன்ட் டிஸ்டிங்க்ட்’ இட்டால் எண்ணிக்கை சரியாகும்.

பிழையைத் தடுக்க விதிக்கும் கட்டுப்பாடும் சில வேளை பிழையாகும். கவிஞர் மறைந்த ஆண்டுக்குப் பின் வெளியான படத்தை ஏற்காதே என ஒரு விதி அமைத்தால், 1921இல் மறைந்த பாரதியாரின் பாடல் இடம்பெற்ற ‘பராசக்தி’ (1952) உள்ளே நுழையாது. அவ்விதியை நீக்கிவிட்டு, பாடல் படத்திற்கென எழுதப்பட்டதா, முன்பே உள்ளதா எனக் குறிக்கும் தனி நிரல் ஒன்றைச் சேர்த்தல் வேண்டும்.