மதிப்பெண்ணும் மதிப்பும்

ஒருவரது புலமையை அறிய அவரோடு நேரில் அளவளாவுதலே முன்னாளில் வழியாயிருந்தது. முகமறியாதார் இணையத்திற் கூடும் அவையில் அஃது எங்ஙனம் இயலும்? அதற்கென வகுக்கப்பட்டதே நன்மதிப்பெண் முறை.

கணிப்பொறி நிரல் எழுதுவோர்க்கென ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் இருவர் 2008-ஆம் ஆண்டில் நிறுவிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் வினாவிடைக் களத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம். புதிதாய்ப் புகுவார் 1 எண்ணோடு தொடங்குவர். அவரது விடையை ஒருவர் நன்றென ஒப்பின் 10 எண் கூடும். வினவியவரே அதனை ஏற்பின் 15 கூடும். தீதென ஒருவர் குறிப்பின் 2 குறையும். ஆயின், குறித்தவரும் 1 இழப்பர். பழித்தற்கும் விலையுண்டு என்பது கருத்து. 2,000 எண் எய்தினார் பிறர் எழுத்தைத் தாமே திருத்தும் உரிமை பெறுவர். ஆகலின் அவ்வெண் வெறும் அணியன்று. பொறுப்பை அளந்தளிக்கும் கோலுமாம்.

எனினும், நாம் ஒன்று கருதற்பாலது. பலரும் வினவும் எளிய வினாவிற்கு விடையிறுத்தார் ஆண்டுதோறும் எண் குவிப்பர். சிலரே வினவும் அரிய வினாவை நெடிதாய்ந்து விடை கண்டார் சிலவே பெறுவர். எத்துணைப் பேர்க்குப் பயன்பட்டார் என்பதை அவ்வெண் ஒருவாறு காட்டும். எத்துணை ஆழ்ந்து கற்றார் என்பதைக் காட்டாது. ஆதலின் பணிக்கு ஆள் தேர்வோரும், நாளை அத்தகைய அவைகளிற் புகும் நாமும், எண்ணைக் கண்டதோடு அமையாது விடையையும் படித்தல் வேண்டும்.